கண்ணாடிக் குளம்

குளத்தில் வாழும் மீனுக்குக் காவலர் பலர். மழை புதுநீர் வார்க்கிறது; காற்று அலையெழுப்பி மூச்சுக்கு வழி செய்கிறது; சேறும் பாசியும் கழிவுகளை ஏற்றுக்கொள்கின்றன; வெயில் மிகுந்தால் ஒதுங்குவதற்கு ஆழமும் நிழலும் உண்டு; ஓரிடத்து நீர் கெட்டால் மற்றோரிடத்திற்கு நீந்திச் செல்லலாம். வீட்டுக் கூடத்தில் வைத்த கண்ணாடித் தொட்டியில் வாழும் மீனுக்கோ காவலர் ஒருவரே. அதனை விரும்பி வாங்கி வந்தவரே அதற்கு மழை, அவரே காற்று, அவரே நிழல். அவர் அறிந்து செய்தால் மீன் வாழும். அறியாமற் செய்தால், எவ்வளவு அன்போடு செய்தாலும், அது மாளும். இவ்வுண்மையைக் கப்பி என்னும் சிறுமீன் பலருக்குக் கற்பித்திருக்கிறது.

கப்பியின் தாயகம் தென் அமெரிக்காவின் வடபகுதியும், அதனை அடுத்துள்ள டிரினிடாட் தீவும் ஆகும். வெனிசுலா நாட்டிலிருந்து கிடைத்த மீன்களை ஆராய்ந்து, 1859ஆம் ஆண்டில் வில்ஹெல்ம் பீட்டர்ஸ் என்னும் செருமானிய அறிஞர் இதற்குப் பொசீலியா ரெட்டிகுலேட்டா என்று பெயரிட்டார். சில ஆண்டுகளுக்குப் பின், டிரினிடாடில் வாழ்ந்த இலெச்மியர் கப்பி என்பவர் தாம் அங்குப் பெற்ற மீன்களை இலண்டன் மாநகரத்துப் பொருட்காட்சிசாலைக்கு அனுப்பினார். அவை புதியதோர் இனம் என்று கருதிய ஆல்பர்ட் குந்தர் என்னும் அறிஞர், 1866ஆம் ஆண்டில் அனுப்பியவரின் பெயரையே அவற்றுக்குச் சூட்டினார். இரண்டும் ஒரே மீன்தான் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அறிவியல் ஏடுகளில் பீட்டர்ஸ் இட்ட பெயர் நிலைபெற்றது; மக்கள் நாவிலோ கப்பியின் பெயரே நின்றுவிட்டது.

ஆண்மீன் மூன்று செண்டிமீட்டர் அளவினது. உடல் சிறிதாயினும் விசிறி போன்ற வாலும் பல வண்ணப் புள்ளிகளும் கொண்டது. பெண்மீன் அதனினும் பெரிது. ஆனால் நிறம் மங்கியது. கொசுப்புழுக்களை விரும்பித் தின்னும் இயல்புடைமையால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்பி இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் விடப்பட்ட அம்மீன், காலப்போக்கில் அழகுக்காகவும் வளர்க்கப்படலாயிற்று. விலை குறைவு, உருவம் சிறிது, பெருக்கமோ விரைவு. ஆதலால், 'யாவரும் எளிதில் வளர்க்கக்கூடிய மீன்' என்று கப்பி பெயர் பெற்றது. அப்பெயரே அதற்கு ஒரு வகையில் பகையும் ஆயிற்று. எளிது என்று கருதும் பொருளில் எவரும் போதிய கருத்துச் செலுத்துவதில்லை அன்றோ?

சென்னை மாநகரைச் சேர்ந்த கொளத்தூர் வண்ணமீன் வாணிகத்திற்குப் பெயர் பெற்றது. அங்குள்ள கடையொன்றில் ஒரு நாள் மாலை ஒரு சிறுவன் ஆறு கப்பிகளை வாங்கினான். ஆண் இரண்டு, பெண் நான்கு. நாற்பது லிட்டர் கொள்ளும் தொட்டியொன்றை நன்றாகத் தேய்த்துக் கழுவி, குழாய்நீரை நிரப்பி, அன்றிரவே மீன்களை அதில் விட்டான். வீடே மகிழ்ச்சியில் திளைத்தது. காலையில் தந்தையார் உணவு இட்டார். நண்பகலில் பாட்டியார் இட்டார். மாலையில் அவனும் அவன் தங்கையும் இட்டனர். ஒவ்வொரு முறையும் மீன்கள் கண்ணாடியருகே ஓடிவந்து வாய் திறந்தன. மூன்றாம் நாள் நீர் பால்போல் வெளிறியது. ஐந்தாம் நாள் மீன்கள் நீரின் மேற்பரப்பில் வந்து மூச்சுக்குத் தவித்தன. ஒரு வாரம் முடிவதற்குள் நான்கு மீன்கள் இறந்தன. எஞ்சிய இரண்டும் பிழைக்கவில்லை.

சிறுவன் கண்ணீரோடு கடைக்குச் சென்றான். நோயுற்ற மீன்களைத் தனக்கு விற்றுவிட்டதாக அவன் எண்ணினான். கடையிலிருந்த முதியவர் சினம் கொள்ளவில்லை.

"தம்பி, தொட்டியில் நீரை எப்பொழுது நிரப்பினாய்?" என்று கேட்டார்.

"மீன் வாங்கிய அன்றுதான், ஐயா."

"உணவு எத்தனை முறை இட்டாய்?"

"எல்லோரும் இட்டோம், ஐயா. கையைக் கண்டதும் அவை ஓடிவந்தன. பார்க்கப் பாவமாயிருந்தது."

"மீனைப் பார்த்தாய்; நீரைப் பார்க்கவில்லை. முதலில் நீரை வளர்க்க வேண்டும், தம்பி. நீர் வளர்ந்துவிட்டால் மீன் தானே வளரும்" என்றார் முதியவர்.

நீரை வளர்ப்பதாவது யாது? அதனை அறிய, மீன் தொட்டிகளின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும். இங்கிலாந்து நாட்டு வேதியியல் அறிஞர் இராபர்ட் வாரிங்டன், ஒரு தொட்டியில் பொன்மீன்களையும் நீர்க்கொடிகளையும் ஒருங்கே வளர்த்து, அதன் விளைவை 1850ஆம் ஆண்டில் வெளியிட்டார். கொடிகள் பிராணவாயுவை அளித்தன. மீன்கள் அதனை உட்கொண்டன. ஆயினும் கொடியின் இலைகள் அழுகி நீரைக் கலக்கின. அவர் நத்தைகள் சிலவற்றை விட்டார், அவை அழுகிய இலைகளைத் தின்றன, நீர் தெளிந்தது. ஓருயிர் மற்றோருயிரைத் தாங்கி நிற்கும் ஒழுங்கு ஒரு சிறு தொட்டிக்குள்ளும் வேண்டும் என்பது அதனால் விளங்கிற்று. எனினும், அவ்வொழுங்கில் கண்ணுக்குப் புலனாகாத பங்காளிகளும் இருந்தனர்.

மீன் தன் செவுள்களின் வழியாக அம்மோனியா என்னும் கழிவை ஓயாது வெளியிடுகிறது. உண்ணாமல் எஞ்சிய உணவு அழுகும்பொழுதும் அம்மோனியாவே தோன்றுகிறது. தொட்டியில் சேரும் சிறிய அளவில் அதற்கு நிறமும் இல்லை, மணமும் தெரிவதில்லை. ஆயினும் அது செவுளைப் புண்ணாக்கி மீனை மெல்லக் கொல்லும். குளத்தில் இந்த நஞ்சை நுண்ணுயிர்கள் மாற்றிவிடுகின்றன. ஒரு வகை நுண்ணுயிர் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. அதுவும் நஞ்சே, குருதி பிராணவாயுவைச் சுமக்கவொட்டாமல் தடுப்பது. மற்றொரு வகை நுண்ணுயிர் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட்டினால் உண்டாகும் தீங்கு மிகக் குறைவு. செடிகளுக்கோ அது உரம். இந்நுண்ணுயிர்களை 1890ஆம் ஆண்டையொட்டி உருசிய அறிஞர் வினோகிராட்ஸ்கி பிரித்தெடுத்துக் காட்டினார். அவர் ஆராய்ந்தது பெரும்பாலும் மண்ணையே. ஆனால் அவ்வுண்மை மீன்தொட்டிக்கும் பொருந்துவதாயிற்று.

இந்நுண்ணுயிர்கள் நீரில் மிதந்து திரிவதைவிட, கூழாங்கல்லிலும் மணலிலும் வடிகட்டும் பஞ்சிலும் ஒட்டிக்கொண்டு வாழ்வதே மிகுதி. புதிய தொட்டியில் அவை போதிய அளவு பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை, பார்வைக்குப் பளிங்கு போல் இருக்கும் நீரும் மீனுக்கு ஏற்றதன்று. சிறுவன் கண்டது தெளிவை, தூய்மையை அன்று. மேலும், நீர் வெப்பமாகவும் காரத்தன்மை மிக்கதாகவும் இருந்தால் அம்மோனியாவின் கொடுமை பெருகும். கப்பியோ உப்புச்சத்து மிகுந்த கடினநீரிலும் சிறிது காரமான நீரிலும் நன்கு வாழும் மீன். அதற்கு ஏற்ற நீரே அம்மோனியாவின் வலிமையையும் கூட்டுவது. ஆதலின் சென்னை போன்ற வெப்பமிக்க ஊர்களில் காவலர் இருமடங்கு விழிப்பாக இருத்தல் வேண்டும்.

முதியவர் அன்று மீன் தரவில்லை. தம் பழைய தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி கூழாங்கற்களை ஈரத்தோடு எடுத்துக் கொடுத்தார். "இவற்றைத் தொட்டியில் இடு. காற்றுக்குழாய் ஓடட்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு சிட்டிகை உணவு போடு. ஐந்து வாரம் கழித்து நீரைக் கொண்டுவா" என்றார். சிறுவன் அவ்வாறே செய்தான். மீனில்லாத தொட்டியில் உணவு இடுவதைக் கண்டு அண்டை வீட்டார் நகைத்தனர். "வெறுந்தொட்டியில் எதை வளர்க்கிறாய்?" என்று ஒருவர் கேட்டார். "நீர் வளர்க்கிறேன்" என்றான் சிறுவன். அவர் மேலும் நகைத்தார்.

ஐந்து வாரங்கள் சென்றன. கடையில் அந்நீரை ஒரு குப்பியில் எடுத்து, துளிமருந்து விட்டு நிறம் பார்த்தனர். அம்மோனியாவும் இல்லை, நைட்ரைட்டும் இல்லை. அதன் பின்னரே சிறுவனுக்கு மூன்று மீன்கள் கிடைத்தன: ஆண் ஒன்று, பெண் இரண்டு. ஆண்கள் மிகுந்தால் அவை பெண்மீன்களை ஓயாமல் துரத்திக் களைப்படையச் செய்யும். ஆதலால் ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்னும் கணக்கே நன்று. மீன் இருந்த பையை உடனே கவிழ்த்துவிடாமல், அதனைத் தொட்டிநீரில் மிதக்கவிட்டு, சிறிது சிறிதாகத் தொட்டிநீரைப் பையில் சேர்த்து, பொறுமையாக மீன்களை விடும் முறையையும் அவன் கற்றுக்கொண்டான்.

குழாய்நீரில் கிருமிகளைக் கொல்வதற்குக் குளோரின் சேர்க்கப்படுகிறது. மனிதனுக்குக் காவலான அது மீனின் செவுளுக்குப் பகை; தொட்டியின் நன்மை தரும் நுண்ணுயிர்களுக்கும் பகை. வாயகன்ற பாத்திரத்தில் நீரை ஒரு நாள் வைத்திருந்தால் குளோரின் காற்றோடு கலந்து நீங்கும். சில ஊர்களில் குளோரினுக்கு மாற்றாகக் குளோரமின் என்னும் பொருளைச் சேர்ப்பதுண்டு. அது அவ்வாறு எளிதில் நீங்காது. அங்கு நீரைச் செம்மை செய்யும் மருந்தைச் சில துளி இடுதல் வேண்டும்.

வாரம் ஒரு முறை நீரில் நான்கில் ஒரு பங்கை மட்டும் இரப்பர்க்குழாயால் அடியிலிருந்து இழுத்து வெளியேற்றி, அதே வெப்பமுள்ள புதுநீரை ஊற்றுதல் போதும். தொட்டியின் நீரையெல்லாம் கொட்டி, கற்களையும் பஞ்சையும் சோப்பிட்டுக் கழுவித் தூய்மை செய்வோர் உளர். அவர் கழுவி எறிவது அழுக்கை மட்டும் அன்று. பல வாரங்களாகப் பெருகிய உயிர்த்துணையையும் ஆகும். பஞ்சில் அழுக்கு அடைத்துக்கொண்டால், வெளியேற்றிய தொட்டிநீரிலேயே அதனை மெல்லப் பிழிந்து மீண்டும் பொருத்துதல் வேண்டும். வெளியேற்றிய நீரைச் செடிக்கு ஊற்றலாம்.

'அளவுக்கு மிஞ்சினால் அமுதும் நஞ்சு' என்பது பழமொழி. மீன்தொட்டியில் இதன் உண்மையை ஒரே வாரத்தில் காணலாம். கப்பி எப்பொழுதும் பசித்ததுபோலவே தோன்றும். கையைக் கண்டால் ஓடிவரும். அது பசியன்று, பழக்கம். இயற்கையில் அது நாள்முழுதும் சிறிது சிறிதாக இரை தேடி உண்ணும் மீன். ஆதலால், இரண்டு மணித்துளிகளுக்குள் முற்றும் உண்ணக்கூடிய அளவு உணவை, நாளொன்றுக்கு இரண்டு முறை இட்டால் போதும். வாரத்தில் ஒரு நாள் உணவின்றி இருந்தாலும் வளர்ந்த மீனுக்குத் தீங்கில்லை. கடையில் விற்கும் உலர்ந்த உணவோடு, வேகவைத்து மசித்த கீரையும், தூய நீரில் தோன்றிய கொசுப்புழுவும் இடையிடையே அளித்தல் நலம். சாக்கடையில் எடுத்த புழுக்கள் நோயையும் உடன் கொண்டுவரும். சிறுவனின் வீட்டில் தொட்டியருகே ஒரு சிறு பலகை தொங்கவிடப்பட்டது. உணவு இட்டவர் அதில் கோடு கிழிக்க வேண்டும். இரண்டு கோடுகள் விழுந்தபின் எவரும் உணவுப்பெட்டியைத் தொடலாகாது. பாட்டியாரும் அவ்விதிக்கு உட்பட்டார்.

தொட்டியின் இடமும் வடிவும் கருதத்தக்கவை. கப்பிக்கு 24 முதல் 28 பாகை செல்சியஸ் வெப்பம் ஏற்றது. வெப்பம் ஏற ஏற நீரில் கரையும் பிராணவாயு குறையும். 20 பாகையில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும் நீர், 30 பாகையில் ஏழரை மில்லிகிராம் அளவே தாங்கும். கோடையில் நேர்வெயில் விழும் சன்னலோரம் தொட்டிக்குத் தகாது. காற்று நீரின் மேற்பரப்பு வழியாகவே உட்புகுவதால், உயர்ந்து ஒடுங்கிய தொட்டியினும் அகன்ற தொட்டியே சிறந்தது. வாய் குறுகிய உருண்டைக் குடுவை காட்சிக்கு இனியது, உயிருக்கு இடுக்கண். கப்பி துள்ளி வெளியே விழக்கூடும். ஆதலால் காற்றுப் புகும் மூடியும் வேண்டும்.

நோய் வந்தபின் மருந்து தேடுவதினும், நோயைக் காலத்தே அறிதல் நன்று. நலமுள்ள கப்பி துடுப்புகளை விரித்து, ஓயாமல் நீந்தி, உணவுக்கு விரைந்து வரும். துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நிற்பதும், கல்லில் உடலை உரசுவதும், வாலின் ஓரம் கரைவதும் நோயின் அறிகுறிகள். உடலில் உப்புத் தூவினாற்போல வெண்புள்ளிகள் தோன்றினால், அது ஓர் ஒட்டுண்ணியின் செயல். அவ்வொட்டுண்ணி மீனின் தோலுக்குள் இருக்கும்பொழுது மருந்து அதனைத் தாக்குவதில்லை. அது நீரில் நீந்தித் திரியும் பருவத்திலேயே தாக்கும். ஆதலால் புள்ளிகள் மறைந்த அன்றே மருந்தை நிறுத்திவிடலாகாது. எந்த அறிகுறி தோன்றினும் முதலில் ஆராய வேண்டியது நீரையே. கெட்ட நீரில் இட்ட மருந்து பயன் தராது. புதிதாக வாங்கிய மீனை இரண்டு வாரம் வேறொரு தொட்டியில் வைத்துப் பார்த்த பின்னரே பழைய மீன்களோடு சேர்த்தல் வேண்டும்.

நான்கு வாரங்கள் கழிந்தன. ஒரு காலையில் சிறுவன் தொட்டியை நோக்கியபொழுது, வேலம்பாசியின் இடையே கண்ணும் வாலும் மட்டுமே தெரிந்த சிறு குஞ்சுகள் ஒளிந்து நிற்பதைக் கண்டான். கப்பி முட்டையிடும் மீன் அன்று. குஞ்சுகளை உயிரோடு ஈனும் மீன். ஒரு முறை இருபது முப்பது குஞ்சுகளும், சில வேளை அதனினும் மிகுதியாகவும் பிறக்கும். ஒரு முறை ஆணோடு கூடிய பெண், பல மாதங்கள்வரை மீண்டும் மீண்டும் குஞ்சு ஈனவல்லது. தாயே தன் குஞ்சுகளைத் தின்றுவிடும் இயல்பும் அதற்கு உண்டு. அடர்ந்த பாசியே குஞ்சுகளுக்கு அரண். அக்குஞ்சுகளும் இரண்டு மூன்று மாதங்களில் தாமே இனம் பெருக்கத் தொடங்கும்.

இவ்வாறு சில மாதங்களில் மூன்று மீன்கள் எழுபதுக்கு மேற்பட்டன. நாற்பது லிட்டர் நீர் அத்தனை உயிர்களையும் தாங்காது. நீர் மீண்டும் கெடும் என்பதைச் சிறுவன் உணர்ந்தான். 'கோயில் குளத்தில் விட்டுவிடலாம். அங்கு அவை இன்பமாக வாழும். கொசுவும் ஒழியும்' என்று எண்ணினான். ஒரு பாத்திரத்தில் மீன்களை முகந்துகொண்டு புறப்பட்டவன், வழியில் முதியவரின் கடைக்குச் சென்று தன் கருத்தைக் கூறினான்.

"குளத்தில் முன்பே குடியிருப்பவர்களைக் கேட்டாயா, தம்பி?" என்றார் முதியவர்.

அவர் கூறியதில் ஆழ்ந்த பொருள் இருந்தது. தமிழ்நாட்டு நீர்நிலைகளிலேயே கொசுப்புழுவைத் தின்னும் சிறுமீன்கள் உண்டு. தலையில் வெள்ளிப்பொட்டு மின்ன, நீரின் மேற்பரப்பில் திரியும் மீனும் அவற்றுள் ஒன்று. அயலிலிருந்து வந்த கப்பி விரைந்து பெருகி, அவற்றின் இரையையும் இடத்தையும் பங்கிட்டுக்கொள்ளும். பிற மீன்களின் முட்டைகளையும் சிறு குஞ்சுகளையும் தின்னும். உலகில் பல நாடுகளில் கப்பி இவ்வாறு பரவியுள்ளது. தொட்டியின் நோய்களும் அதனோடு குளத்தை அடையும். டிரினிடாடின் ஓடைகளில் கப்பிகளை ஆராய்ந்த ஜான் எண்ட்லர் என்னும் அறிஞர், பகைமீன்கள் மிகுந்த இடத்தில் ஆண்கப்பியின் நிறம் மங்கியும், பகை குறைந்த இடத்தில் பளிச்சென்றும் அமைவதை 1980ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். தொட்டியில் மனிதன் தேர்ந்தெடுத்து வளர்த்த நீண்ட வாலும் மின்னும் நிறமும் காவல் உள்ள இடத்திற்கே உரியவை. குளத்தில் விடப்பட்ட கப்பிகளுள் பல பிற மீன்களுக்கு இரையாகும். பிழைத்தவை பிற மீன்களுக்கு இடையூறாகும். எவ்வாறாயினும் அது விடுதலை ஆகாது, கைவிடுதலே ஆகும்.

சிறுவன் பாத்திரத்தோடு வீடு திரும்பினான். ஆண்களையும் பெண்களையும் வெவ்வேறு தொட்டிகளில் பிரித்து வைத்தான். இனிப் பெருக்கம் அளவில் நிற்கும் அன்றோ? ஒரே குடும்பத்து மீன்களே தலைமுறை தலைமுறையாகக் கூடினால், முதுகு வளைந்த வலிமையற்ற குஞ்சுகள் பிறத்தலும் உண்டு. அத்தீங்கும் இதனால் குறைந்தது. எஞ்சிய மீன்களைக் கேட்டு வகுப்புத் தோழர் பலர் வந்தனர். "இன்றே கொடு" என்று சிலர் நெருக்கினர். சிறுவன் இணங்கவில்லை. வந்தவர் ஒவ்வொருவர்க்கும் முதலில் தன் தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி கூழாங்கற்களை ஈரத்தோடு எடுத்துக் கொடுத்தான்.

"ஐந்து வாரம் நீர் வளர்த்துவிட்டு வா. மீன் உனக்காகக் காத்திருக்கும்" என்றான்.

சிலர் சலித்துக்கொண்டு திரும்பி வரவேயில்லை. ஐந்து வாரம் பொறுத்து வந்தவர் நால்வர். அந்நால்வர் வீட்டிலும் கப்பிகள் நலமாக வாழ்ந்தன.